மணியோசையும் மாத்திரையும்

மேற்கே மலை, கிழக்கே மலை. இடையே முல்லைப் பெரியாற்று நீர் பாய, நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையுமாய்ப் பச்சைப் பட்டு விரித்துக் கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. விடியுமுன் மூன்று ஓசைகள் இங்கே எழும். பள்ளிவாசலிலிருந்து பாங்கோசை, அம்மன் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து பாட்டோசை, மாதா கோயிலிலிருந்து மணியோசை. மூன்றும் ஒரே காற்றிலேறி ஒரே வயல்மீது பரவும். நாற்று நடப் புறப்படும் பெண்ணுக்கோ மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான் — வேலைக்கு நேரமாகிவிட்டது!

நாம் அந்த மூன்றாவது ஓசையிலே பிறந்தோம். சேசு, மரி, சூசை என்று சொல்லிச் சோறுண்டோம். செபமாலை மணிகளை உருட்டித்தான் எண் கற்றோம். பிறகு கல்லூரி சென்று வரலாறு பயின்றோம், பட்டம் பெற்றோம், பகுத்தறிவு ஏடுகளைப் படித்துப் பழைய பிடிகளிலிருந்து விடுபட்டோம். இன்று இதே பள்ளத்தாக்கில், ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருக்கிறோம்.

அண்மையில் நண்பரொருவர் நம் தோளைத் தட்டிச் சொன்னார்: "உனக்கென்ன கவலை! உங்கள் வீட்டில் சாதகம் இல்லை, சகுனம் இல்லை, இராகு காலம் இல்லை, எமகண்டம் இல்லை. எங்கள் வீட்டில்தான் பல்லி விழுந்தால்கூடப் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள். நீங்கள் பாதிக் கிணற்றை முன்பே தாண்டிவிட்டவர்கள்!"

நாம் சிரித்தோம். பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே விழுவான் என்பது நண்பருக்குத் தெரியாதா என்ன?

பெருமைக்காக அல்ல, பிழையை ஒப்புக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறோம். நம் வீட்டுக் கதவைத் திறந்து காட்டுகிறோம். உள்ளே வந்து பாருங்கள்.

வாசற்படிக்கு மேலே சிலுவை. நன்று. ஆனால் புதுவீடு புகுந்தபோது அந்தச் சிலுவைக்குப் பக்கத்திலேயே பூசணிக்காயும் தொங்கியது. "சிலுவை இருக்கும்போது பூசணிக்காய் எதற்கம்மா?" என்று கேட்டோம். "சிலுவை சாத்தானுக்கு, பூசணிக்காய் பக்கத்து வீட்டுக்காரி கண்ணுக்கு" என்றார் நம் தாயார். சாத்தானைவிடப் பக்கத்து வீட்டுக்காரி பொல்லாதவள் என்பது எந்த மறையிலும் காணாத புது உண்மை!

குழந்தையின் கழுத்தில் தாயத்துக் கட்டுவது பாவம் என்பார் பாட்டியார். ஆனால் உத்தரியம் கழுத்தை விட்டு இறங்கினால் காய்ச்சல் வந்துவிடும் என்று அஞ்சுவார். கெட்ட கனவு வந்தால் வேதப்புத்தகம் தலையணைக்கடியில் போகும். ஆண்டு முழுவதும் திறக்கப்படாத புத்தகம், மூடியபடியே பேயை ஓட்டும் காவற்காரனாகிவிடும்! திறப்பவர்கள்மட்டும் என்ன செய்கிறார்கள்? கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து, விரல் பட்ட வசனத்தைக் கொண்டு, பெண் எடுக்கலாமா, கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். கோயில் வாசலில் கிளி சீட்டெடுத்தால் அது சோதிடம். வீட்டிற்குள் விரல் சீட்டெடுத்தால் அது விசுவாசம்!

நம் சிற்றன்னை வாழ்க்கைப்பட்டது சீர்திருத்தச் சபைக் குடும்பத்தில். படம் இல்லை, சுரூபம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. ஆனால் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். ஆறுதல் வசனம் வந்தவர் முகம் மலரும். எச்சரிக்கை போல ஏதேனும் வந்துவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் ஒவ்வொரு தும்மலுக்கும் அந்த அட்டைதான் காரணம்.

13 என்றால் ஐரோப்பியனுக்கு ஆகாது. அவன் விடுதிகளில் 13 ஆம் எண் அறையே இராது. நம் வீட்டிலோ அந்தோனியாருக்குப் 13 செவ்வாய் தொடர்ந்து மெழுகுவர்த்தி ஏற்றினால் காணாமற் போனது கிடைக்கும். ஒரே மதம், ஒரே எண். கடல் கடந்தால் கெடுதல், கரை இறங்கினால் நன்மை! எண்ணில் இல்லை ஏதும், எண்ணத்தில்தான் எல்லாம்.

திருமணத்திற்கு நாள் குறிக்கும் காட்சி இன்னும் சுவையானது. தபசுக் காலத்தில் திருமணம் இல்லை; அது திருச்சபையின் ஒழுங்கு. ஆனால் ஆடியும் மார்கழியும் ஏன் விலக்கப்படுகின்றன? திருச்சபை நாட்காட்டியில் இராகு காலம் அச்சிடப்படுவதில்லை. ஆகவே பக்கத்து வீட்டு நாட்காட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வருவார் பெரியப்பா. "அவர்களுக்காகப் பார்க்கிறோம், நாலு பேர் வரவேண்டுமே" என்பார். கடவுளை மாற்றினோம், காலண்டரை மாற்ற மறந்தோம்!

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. நாமும் நெடுநாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பூசணிக்காய் தொங்கினால் யாருக்கு என்ன கேடு? அட்டை எடுத்தால் யார் குடி கெடுகிறது? பிறர் நம்பிக்கையில் தலையிடுவது பண்பன்று — இப்படி நமக்கு நாமே ஒரு நல்லுரை கூறிக்கொண்டிருந்தோம். அந்த நல்லுரையின் விலை என்ன என்பதை ஒரு சிறுமியின் கை நமக்குக் காட்டிற்று.

நம் வகுப்பிலே ஒரு மாணவி. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். கணக்கிலே கெட்டி, கட்டுரையிலே அதைவிடக் கெட்டி. சென்ற ஆண்டு ஒருநாள் வரலாற்று வகுப்பின் நடுவே அவள் பலகையிலிருந்து சரிந்து விழுந்தாள். கண் மேலே செருக, கைகால் வெட்டி இழுக்க, வாயில் நுரை. வகுப்பு அலறியது. ஒரு மாணவன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்; இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்குமாம். மற்றொருத்தி தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றி அவள் கையில் திணித்தாள். அதுவும் இரும்புதான்! இரும்புக்கு மதம் மாற்றிவிட்டார்கள். மடமைக்கு மட்டும் மாற்றம் இல்லை.

இரண்டு நிமிடத்தில் வலிப்புத் தானே நின்றது. சாவி சொன்னது, "என்னால்". சிலுவை சொன்னது, "என்னால்". உண்மையில், பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்குபவை.

பெற்றோர் அவளைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, நம் மக்கள் சொல்வதுபோல் 'க. விலக்கு ஆசுபத்திரி'க்கு அழைத்துச் சென்றார்கள். ஆராய்ந்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். நாள்தோறும் தவறாது உண்ணவேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஐந்து மாதம் ஒரு வலிப்பும் இல்லை. அரையாண்டுத் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள்.

பிறகு ஒரு நாள் அவள் நம்மிடம் வந்து மகிழ்ச்சியோடு சொன்னாள்: "சார், எனக்குச் சுகமாயிருச்சு. மாத்திரையை நிறுத்தியாச்சு. செபக்கூட்டத்துல சாட்சி சொன்னேன், எல்லாரும் கைதட்டினாங்க."

நாம் என்ன சொன்னோம் தெரியுமா, தோழர்களே? "நல்லது, அம்மா" என்றோம்.

ஆம், நாம்தான். மேடையிலே மூடநம்பிக்கையை முழங்கித் தகர்க்கும் நாம்தான். அவர்கள் மனம் புண்படுமே என்று எண்ணினோம்; ஆசிரியர் மதத்தில் தலையிட்டார் என்று பேச்சு வருமே என்று அஞ்சினோம். அந்த அச்சத்திற்குப் பண்பாடு என்று பெயர் சூட்டி, உள்ளத்திலே உறங்க வைத்தோம்.

மூன்று வாரம் சென்றது. வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அருகே நின்றாள். வலிப்பு வந்தது.

மருத்துவமனையில் அவளைப் பார்த்தபோது வலக்கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. எழுதும் கை. "சார், பொதுத் தேர்வுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கில்ல? அதுக்குள்ள ஆறிடும்" என்று அவள்தான் நமக்கு ஆறுதல் கூறினாள். மருத்துவர் விளக்கினார்: வலிப்பு மாத்திரையைத் திடுமென நிறுத்துவதே ஆபத்து, அடங்கியிருந்த நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். அவர் யாரையும் ஏசவில்லை. நமக்கோ ஒவ்வொரு சொல்லும் நம்மையே பார்த்துக் கூறியதுபோல் இருந்தது.

வலிப்பு என்பது யாது? மூளை நரம்பணுக்களில் ஓடும் மின்னோட்டம் சிறிது நேரம் ஒழுங்கு கெட்டுக் கொந்தளிப்பது. வேறொன்றுமில்லை. சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பே, ஹிப்போகிரேட்டீசு வழிவந்த கிரேக்க மருத்துவ நூலொன்று, 'தெய்வ நோய்' என்று மக்கள் அழைத்த இதற்கு மற்ற நோய்களைவிட மிகுந்த தெய்வத்தன்மை ஏதுமில்லை, காரணம் மூளையில் இருக்கிறது என்று எடுத்துரைத்தது. 1912-இலிருந்து பயனுள்ள மாத்திரை இருக்கிறது. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் முறையை ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்டார். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், முறையாக மருத்துவம் செய்தால் 100-க்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலக நல்வாழ்வு நிறுவனம் கூறுகிறது.

நற்செய்தி நூல்களிலும் ஒரு சிறுவன் வருகிறான். தீயிலும் நீரிலும் விழுகிறான், தந்தை கதறுகிறான். பழைய தமிழ் வேதாகமம் அவனைச் 'சந்திரரோகி' என்கிறது. நிலவினால் வந்த நோயென்று அக்கால மக்கள் எண்ணியதன் சுவடு அச்சொல். அந்த நாளில் பேய் என்றார்கள், நிலவு என்றார்கள்; அவர்களைக் குறை கூறோம். அறியாத காலத்தில் கூறியது அறியாமை. அறிந்த காலத்திலும் அதையே கூறினால்? அது அறியாமையன்று; அநியாயம்.

இதற்கு நம் பள்ளத்தாக்கே சான்று. இங்கே பாயும் நீர் 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் கொடை. பென்னிகுவிக் தலைமையில் காட்டுக்குள் அணை கட்டிய தொழிலாளர் பலர் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டனர். மலைக்காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்பதே அன்றைய படித்தவர் கருத்து. மலேரியா என்ற சொல்லின் பொருளே அதுதான். அணை திறந்து இரண்டே ஆண்டு — 1897 ஆகஸ்டு 20 — சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றிலே அந்த நோய்க்கிருமியைக் கண்டார். அணைகட்டிச் செத்தவர்களுக்குக் கொசு என்று தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தபின் கொசுவலை கட்டாமல் குருத்தோலை கட்டினால் செத்தவர்கள் சிரிக்கமாட்டார்களா?

சரி, அந்தப் பெற்றோர் மூடர்களா? நாம் அப்படித்தான் எண்ணிக்கொண்டு, சினத்தோடு, அவர்கள் வீட்டுப் படியேறினோம். இறங்கும்போது அந்த எண்ணம் நம்மிடம் இல்லை.

தாய் சொன்னாள்: "மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இருந்தா நோய் இருக்குன்னு அர்த்தம் சார். பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு யார் கட்டுவா? மாத்திரைச் சீட்டை அக்கம்பக்கம் பார்த்திருச்சு. செபம்னா அப்படி இல்லை. போயிருச்சுன்னு சொல்லிரலாம்."

போயிற்று என்று சொல்லிவிடலாம்! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை கூட்டமும், அத்தனை கைதட்டலும். நோயைவிட நோயின் பெயருக்கு அஞ்சுகிறது நம் சமுதாயம். இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோயைத் திருமணத்திற்குத் தடையாக வைத்திருந்த சொல்லை 1999-இல்தான் நாடாளுமன்றம் நீக்கியது. சட்டப் புத்தகத்தில் நீங்கிய சொல் தெருத்திண்ணையில் நீங்கவில்லை.

"உங்கள் பங்குக் கோயிலிலேயே செபம் செய்திருக்கலாமே, ஏன் அந்தக் கூட்டத்திற்குப் போனீர்கள்?" என்று கேட்டோம். சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அங்கே எம்பிள்ளை தலையில கை வச்சுச் செபம் பண்ணுனாங்க சார். எங்க தெருப் பிள்ளைக தலையைத் தொட்டு இதுக்கு முன்னால யாரு செபிச்சாக?"

நண்பர்களே, நாம் கற்ற வாதங்கள் அனைத்தும் அந்த ஒரு கேள்வியின் முன் வாயடைத்து நின்றன. அவள் தேடிப்போனது அற்புதத்தை அன்று. தீண்டும் ஒரு கையை! அந்தக் கை மாத்திரையைப் பறித்தது உண்மை. ஆனால் அதற்கு முன், இத்தனை தலைமுறையாக எந்தக் கையும் நீளாதிருந்ததும் உண்மை.

இங்கேதான் கிறித்தவ வீட்டின் மிகப் பெரிய மூடநம்பிக்கை எதுவென்று கண்டோம். பூசணிக்காய் அன்று, 13 செவ்வாய் அன்று, அட்டை அன்று. சாதி! எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று பாடிவிட்டுக் கல்லறையில்கூட எல்லை போடும் அந்தக் குருட்டு நம்பிக்கை! திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்திலே 1872-இல் எழுந்த திருக்கோயிலில், ஒரு சாதியார் மற்றொரு சாதியாரைக் காணாதபடி நடுவே சுவர் நின்றது. பலிபீடம் ஒன்று; பார்க்கும் வழி இரண்டு. 1910-இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. அது பழங்கதை என்று தள்ளலாமா? 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒதுக்கப்பட்ட கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டிக் கலவரம் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. கேட்டவரும் கிறித்தவர், எதிர்த்தவரும் கிறித்தவர். எத்தனையோ பேய்களை ஓட்டியதாகப் பறைசாற்றும் மேடைகள் உண்டு. சாதிப் பேயை ஓட்டியதாக ஒரு சாட்சி, ஒரே ஒரு சாட்சி, நாம் இன்னும் கேட்கவில்லை!

மறுபக்கத்தையும் கூறாவிடில் நாம் வரலாறு படித்ததற்குப் பொருளில்லை. பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்து 1517-இல் எழுந்தவர் லூதர் என்னும் துறவி. மதத்திற்கு உள்ளிருந்து வந்த குரல் அது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் தமிழில் அச்சிட்டார். பள்ளிக்கூடத்து வாசலே காணாத தெருக்களுக்கு எழுத்தறிவைக் கொண்டு சென்ற பாதிரிமார் பலர். அதே மாதா கோயில் மணி இல்லையேல் நம் பாட்டனார் எழுத்தறிந்திருக்க மாட்டார். நாமும் இதை எழுதியிருக்க மாட்டோம். அதை மறக்கவில்லை. மறக்கவில்லை என்பதாலேயே கேட்கிறோம்: எழுத்தறிவு தந்த கை, ஏன் மாத்திரையைப் பறிக்கும் கையைத் தடுக்காமல் கட்டிக்கொண்டு நிற்கிறது?

அன்று மாலை, சிறுமியின் தந்தை வேலை முடித்து வந்தார். திராட்சைப் பந்தலில் மருந்தடிப்பவர். கையிலும் சட்டையிலும் நீலக்கறை. நம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை அறியாதார் யார்? 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இக்கொடியைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டிருக்கும்.

நாம் மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "அடிச்சாம்பல் விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டோம்.

"துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்போம் சார்."

"செபம்?"

"சாமியார் வந்து பந்தலை மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிப்பார். செபமும் உண்டு."

"தீர்த்தம் தெளித்தபின் மருந்தை நிறுத்திவிடுவீர்களா?"

"அதெப்படி சார்? ஒரு தடவை தவறினாலும் கொலையெல்லாம் போயிருமே..." என்றவர் பாதியிலே நிறுத்தினார். உள்ளே பாயில் கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த மகளைப் பார்த்தார். நாம் மேலே ஒன்றும் கூறவில்லை, கூற வேண்டியிருக்கவில்லை.

கொடிக்கு மருந்து, கொடி போன்ற குழந்தைக்கு மருந்தில்லை! பந்தலில் பகுத்தறிவு, பாயருகே பழமை! இது அவர் ஒருவரின் முரண்பாடா? பணம் போட்ட இடத்தில் எல்லாருமே பகுத்தறிவுவாதிகள்தாம். வண்டி நின்றால் பழுது பார்ப்பவனைத் தேடுகிறோம். மோட்டார் நின்றால் மின்வினைஞனைத் தேடுகிறோம். பெண்பிள்ளைக்கு நோய் வந்தால் மட்டும் பேயைத் தேடுகிறோம்.

அந்தத் துத்தக் கலவைக்கும் ஒரு கதை உண்டு. அதை அவருக்குச் சொன்னோம். பிரான்சிலே போர்டோ என்னும் ஊர்ப்பக்கம், வழிப்போக்கர் திராட்சையைப் பறித்துத் தின்னாதிருக்க, சாலையோரக் கொடிகளின்மீது துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்தார்களாம். அப்பகுதியில் அடிச்சாம்பல் நோய் பரவியபோது சாலையோரக் கொடிகள் மட்டும் தப்பின. மற்றவர் கண்டிருந்தால் சாலையோரத்தில் ஒரு கோயிலே கட்டியிருப்பர்! மில்லார்டே என்னும் தாவரவியலார் கண்டார். ஏன் என்று கேட்டார், சோதித்தார், 1885-இல் உலகுக்குக் கூறினார். பாதிரியார் கொண்டுவந்த கொடியைப் பாதுகாப்பது, ஏன் என்று கேட்டவன் கண்ட கலவை! அதுதான் அவர் சட்டையில் படிந்த நீலக்கறை.

மறுநாள் முதல் மாத்திரை மீண்டும் தொடங்கிற்று. மூன்று மாதமாக வலிப்பில்லை. கையில் வடு இருக்கிறது. விரல்கள் எழுதுகின்றன, மெல்ல.

இதைக் கேட்ட நம் நண்பர் — பாதிக் கிணறு தாண்டியவர்கள் என்று நம்மைப் பாராட்டிய அதே நண்பர் — முகம் சுளித்தார். "அந்த அம்மாள் இன்னும் செபம் செய்துவிட்டுத்தான் மாத்திரை கொடுக்கிறாளாமே! இது என்ன வெற்றி? சமரசம் அல்லவா?"

சமரசந்தான், மறுக்கவில்லை. கடவுள் உண்டா என்ற வாதத்தை ஆயுள் முழுவதும் நடத்தலாம். ஆனால் மாத்திரையின் நேரம் இரவு 7 மணி. வாதம் காத்திருக்கும், மூளை காத்திராது. செபம் செய்யும் தாயை இழிவுபடுத்தினால் அவள் நம்மையும் விடுவாள், மாத்திரையையும் விடுவாள். அவள் தன் நம்பிக்கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்ளட்டும். மகளின் மருந்தை மறிக்கும் இடத்தில்தான் நம் வேலி. அந்த வேலியில் நாம் இனி ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கமாட்டோம். "நல்லது, அம்மா" என்று இன்னொரு முறை கூறமாட்டோம்.

மற்றொரு சாராருக்கும் ஒரு சொல். இக்கட்டுரையைக் கண்டதும், 'பார்த்தீர்களா, கிறித்தவன் வீட்டு இலட்சணத்தை!' என்று கைகொட்டிச் சிரிக்கச் சிலர் முன்வருவர். ஐயா, பொறுங்கள்! நாம் நம் வீட்டைக் கூட்டுகிறோம். உங்கள் வீட்டுக் குப்பைக்கு அது சான்றிதழ் அன்று. அடுத்தவன் கண்ணின் துரும்பைக் காட்டித் தன் கண்ணின் உத்தரத்தை மறைப்பவர்க்கு இங்கே இடமில்லை. சாவிக்கொத்தோடு ஓடிவந்த மாணவனும் சிலுவையோடு ஓடிவந்த மாணவியும் நமக்கு ஒன்றே.

அந்த இருவருக்கும் முழு வகுப்புக்கும் இப்போது கற்பித்திருக்கிறோம். எவருக்கேனும் வலிப்பு வந்தால் சாவியும் வேண்டாம், சிலுவையும் வேண்டாம். கூர்மையான பொருள்களையும் தீயையும் அப்புறப்படுத்து. அவரை ஒருக்களித்துப் படுக்க வை. தலைக்கடியில் மெத்தென ஏதேனும் வை. வாயில் எதையும் திணிக்காதே, நீரும் ஊற்றாதே. கைகாலை அழுத்திப் பிடிக்காதே. கடிகாரத்தைப் பார், 5 நிமிடத்திற்குமேல் நீடித்தால் 108-ஐ அழை. தெளியும்வரை அருகிலேயே இரு. இவ்வளவுதான். இதை ஒவ்வொரு தோழரும் தம் தெருவில் பத்துப் பேருக்குச் சொல்லட்டும். அதுவும் ஒரு பிரசாரந்தான். மேடை வேண்டாத, மாலை வேண்டாத பிரசாரம்.

சென்ற வாரம் அந்தத் தெரு வழியே நடந்தோம். மாலை 7 மணி. மாதா கோயில் மணி ஒலித்தது. வீட்டுக்குள்ளிருந்து அந்தத் தாயின் குரல் கேட்டது: "மணி அடிச்சிருச்சு பாரு, மாத்திரையப் போடு!"

கடிகாரம் இல்லாத வீடு அது. அந்த மணியைத்தான் அவள் கடிகாரமாக்கிக்கொண்டாள். விடியலில் வேலைக்கு எழுப்பும் மணி, இரவில் மருந்துக்கு அழைக்கிறது. அப்படியே ஒலிக்கட்டும்! ஒலிக்கும்போதெல்லாம் ஒரு பிள்ளை மருந்துண்ணுமாயின், அந்த மணியோடு நமக்கு வழக்கில்லை. நம் வழக்கு அந்த மருந்தைத் தட்டிவிட நீளும் கையோடு. அந்தத் தலையைத் தொட மறுக்கும் கையோடு. அவ்விரண்டும் ஓயும்வரை நாமும் ஓயோம்.